நித்திரைக்கு அலாரம் வைப்பது காலையில்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறைக் கேள்விகள் எல்லாம் நித்திரை பற்றியவை. அறிவியல் நகர், பம்பைமடு, முள்ளியவளை, செட்டிகுளம் என்று வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் மாணவர்களும் பெற்றோரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

*

கேள்வி: பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். இரவு இரண்டரை, மூன்று மணிக்கு முன் நித்திரை வருவதில்லை. எட்டு மணி விரிவுரைக்கு எழும்பிப் போனாலும் அங்கே இருந்து தூங்கி விழுகிறேன். சனி, ஞாயிறு மதியம் வரை படுத்து ஈடுகட்டுகிறேன். பத்து மணிக்கே படுத்தும் பார்த்தேன்; புரண்டு புரண்டு கிடந்ததுதான் மிச்சம்.
– மாணவர், அறிவியல் நகர், கிளிநொச்சி

பதில்: தம்பி, பத்து மணிக்குப் படுத்ததுதான் பிழை. நித்திரை வருகிற நேரத்தை நாம் கட்டளையிட்டு மாற்ற முடியாது. மாற்றக்கூடியது எழும்புகிற நேரம் ஒன்றுதான்.

ஏனென்று சொல்கிறோம். நித்திரை வர இரண்டு விடயங்கள் ஒன்றாகக் கூட வேண்டும். ஒன்று நித்திரைப் பசி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் மூளையில் அடெனோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டு வருகிறது. ஏறத்தாழ 16 மணித்தியாலம் விழித்திருந்த பிறகுதான் அது ஆளைச் சாய்க்கும் அளவுக்கு வரும். ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்கு எழும்பியவருக்கு இரவு பத்து மணிக்குப் பத்து மணித்தியாலப் பசிதான் இருக்கும். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு இன்னொரு கோப்பைச் சோற்றோடு உட்கார்ந்தால் இறங்குமா?

மற்றது உடற்கடிகாரம். மனிதனின் உடற்கடிகாரம் ஒரு சுற்றுச் சுற்ற எடுப்பது சராசரியாக 24 மணித்தியாலமும் இன்னும் சில நிமிடங்களும். கவனிக்காமல் விட்டால் அது தானாகவே ஒவ்வொரு நாளும் பிந்தும். அதை முன்னுக்கு இழுத்து நிறுத்துவது காலை வெளிச்சம். மேலும் பிந்தவைப்பது இரவு வெளிச்சம். போதாக்குறைக்கு, பருவ வயதில் தொடங்கி இருபது வயதளவு வரை இந்தக் கடிகாரம் இயல்பாகவே பிந்தி ஓடும். ஆகவே உங்களைச் சோம்பேறி என்று வீட்டில் யாராவது சொன்னால், அது சரியல்ல என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இனிச் செய்யவேண்டியது. எழும்பும் நேரத்தை 6.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழமையில் ஏழு நாளும் அதே நேரம். சனி, ஞாயிறு மிஞ்சிப்போனால் 7.30. எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் வெளியே இறங்கி, முப்பது நிமிடம் வானத்துக்குக் கீழே இருங்கள். அறைக்குள் ரியூப்லைற் தருவது பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). காலையில் வெளியே ஒரு வேப்பமர நிழலில் நின்றாலும் சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். யன்னல் ஓரத்தில் உட்கார்வது இதற்கு ஈடாகாது. சூரியனை நேரே பார்க்கக் கூடாது. பல் தீட்டுவது, உடுப்புத் தோய்ப்பது, பீடத்துக்கு நடந்து போவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

படுக்கும் நேரத்தை முதல் இரண்டு இரவும் 1.30 என்று வையுங்கள். அதன்பின் இரண்டு இரவுக்கு ஒருமுறை இருபது நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பதினொரு மணிக்கு வந்து சேர இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். பத்து மணிக்குப் பிறகு ரியூப்லைற்றை அணைத்துவிட்டு, புத்தகத்தில் மட்டும் விழும் மேசை விளக்கில் படியுங்கள். போனைக் கட்டிலிலிருந்து கை எட்டாத இடத்தில் சார்ஜில் போடுங்கள். திரையின் நீல வெளிச்சத்தைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். அதைவிட, அடுத்த வீடியோ, அடுத்த மெசேஜ் என்று மனத்தை விழிப்பாக வைத்திருப்பதே பெரிய கேடு. திரையை மஞ்சளாக்கிவிட்டு இரண்டு மணி வரை பார்த்தால் நன்மை இல்லை.

மூன்றாம் நான்காம் நாள் மிகக் கடினமாக இருக்கும். அதைத் தாண்டினாலும் முதல் ஞாயிறு மதியம் வரை படுத்தால் உழைத்ததில் பாதி போய்விடும். பகலில் தாங்காவிட்டால் மத்தியானம் ஒன்றுக்கும் இரண்டரைக்கும் இடையில் ஒரு தூக்கம் போடலாம். அலாரம் 25 நிமிடம். அதைத் தாண்டி ஆழ்ந்த நித்திரைக்குள் போய்விட்டால் எழும்பும்போது தலை கனத்து, முன்பிருந்ததைவிட மோசமாக இருக்கும். இந்த இரண்டு வாரமும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைக் குறையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. விடுமுறையில் தினமும் பன்னிரண்டு மணிக்கு எழும்பிப் பழகியவர்கள் திடீரென்று ஐந்து மணிக்கு எழும்பி வெளிச்சம் பார்க்கக் கூடாது. உடல் வெப்பம் ஆகக் குறைந்திருப்பது வழமையாக எழும்பும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் முன்பு. அதற்கு முன்னர் படும் வெளிச்சத்தைக் கடிகாரம் மாலை வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பிந்தும். அவர்கள் இரண்டு நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று படிப்படியாக முன்னுக்கு வர வேண்டும். 'எல்லாம் செய்தும் சரிவரவில்லை' என்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்.

*

கேள்வி: மகன் ஏ.எல். உயிரியல் பிரிவு. இரவு ரியூசன் முடிந்து வந்து பதினொன்றரைக்குப் படுக்கிறான். நான் மூன்றரைக்கு எழுப்பித் தேத்தண்ணி கொடுத்துப் படிக்க வைக்கிறேன். விடியப்புறம் படிப்பதுதான் மனத்தில் நிற்கும் என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள். ஆனால் பிள்ளை மெலிந்து, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான்.
– ஒரு தாய், முள்ளியவளை

பதில்: அம்மா, விடியப்புறப் படிப்பில் பிழையில்லை. உங்கள் காலத்தில் எட்டரை மணிக்கு விளக்கணைத்துப் படுத்துவிட்டுத்தான் நாலு மணிக்கு எழும்பினார்கள். அந்த முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும். உங்கள் மகனுக்குக் கிடைப்பது நான்கு. நித்திரை ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாகப் போகும். முதல் சுற்றுகளில் ஆழ்ந்த நித்திரை அதிகம். கனவு வரும் நித்திரை விடியற்புறச் சுற்றுகளில்தான் நீளமாக வரும். பகலில் படித்ததை மூளை அடுக்கிவைப்பது நித்திரையில்தான். அதற்கு இரண்டு வகையும் தேவை. மூன்றரைக்கு எழுப்பும்போது அடுக்கிக்கொண்டிருப்பவனைப் பாதியில் நிறுத்துகிறீர்கள். எரிந்து விழுவதும் அதனால்தான். மனத்தைத் தணிப்பதில் கனவு நித்திரைக்குப் பெரிய பங்கு உண்டு.

ரியூசன் ஒன்பதுக்கு முடிகிறதென்றால் சாப்பாட்டை அதற்கு முன் ஆறரைக்கே கொடுத்துவிடுங்கள். வந்ததும் முகம் கழுவி, ஒன்பதே முக்காலுக்குப் படுக்கட்டும். ஐந்தே முக்காலுக்கு எழுப்புங்கள். எட்டு மணித்தியாலம் வந்துவிடும். போகிற இரண்டு மணித்தியாலப் படிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்; அரைத்தூக்கத்தில் மூன்று தரம் வாசித்த பக்கத்தைத் தெளிந்த தலையோடு ஒருதரம் வாசித்தால் போதும். இரவு வகுப்பை முன்னுக்குக் கொண்டுவர முடியாத வீடுகளில், ஞாயிறு காலை வகுப்பையாவது ஒன்று குறைக்க முடியுமா என்று ஆசிரியரோடு பேசிப் பாருங்கள்.

*

கேள்வி: பரீட்சைக்கு முதல் நாள் விடிய விடிய முழித்திருக்க எது நல்லது: பிளேன்ரீயா, கோப்பியா, எனர்ஜி ட்ரிங்கா?
– நான்கு நண்பர்கள், பம்பைமடு, வவுனியா

பதில்: மூன்றிலும் வேலை செய்வது ஒரே கபேன்தான். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் ஏறத்தாழ 40 மில்லிகிராம், உடனடிக் கோப்பி ஒரு கோப்பையில் 60 முதல் 80, 250 மில்லிலீற்றர் எனர்ஜி ட்ரிங்க் ரின்னில் பெரும்பாலும் 80. ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு ஒரு நாளுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கபேன் நித்திரைப் பசியைத் தீர்ப்பதில்லை, மறைத்து வைக்கிறது. அடெனோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. அது விலகும்போது சேர்ந்து நின்ற பசி முழுவதும் ஒன்றாக வந்து அமுக்கும். பரீட்சை மண்டபத்தில் பத்து மணிக்குக் கண் சொருகுவது இதனால்தான்.

கபேனில் பாதி உடலை விட்டுப் போக ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். இரவு எட்டுக்கு மூன்று கோப்பைத் தேத்தண்ணி குடித்தவருக்கு, ஒரு மணிக்குப் படுக்கும்போது ஒன்றரைக் கோப்பை உள்ளே நிற்கும். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வேண்டாம் என்று நாங்கள் சொல்வதன் கணக்கு இதுதான்.

முழு இரவும் முழிப்பதால் என்ன நடக்கும்? தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவருடையதைப் போல இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 24 மணித்தியாலத்தில் அது 0.1 சதவீதத்துக்குச் சமமாகிறது. குடித்துவிட்டுப் பரீட்சை எழுதப் போவீர்களா?

பாடம் முடியாமல் நாளைக்குப் பரீட்சை என்ற நிலை வந்துவிட்டதென்றால் இப்படிச் செய்யுங்கள். பன்னிரண்டு மணிக்குப் புத்தகத்தை மூடுங்கள். கடைசி அரை மணித்தியாலம் புதிதாக எதையும் தொடாமல், வரும் என்று நம்பும் ஐந்து தலைப்புகளை ஒரு தாளில் குறிப்பாக எழுதுங்கள். ஐந்தரை வரை படுங்கள். எழும்பி அந்தத் தாளைப் பாருங்கள். இடியப்பமோ பாணோ கொஞ்சம் சாப்பிட்டு, ஒரு தேத்தண்ணி குடியுங்கள். நித்திரை இல்லாத இரவுக்கு அடுத்த நாள் மன்னார் வீதியிலோ ஏ9 வீதியிலோ மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். வெறும் நேர் வீதியில் மூன்று செக்கன் கண் மூடினால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் 50 மீற்றர் கண்ணில்லாமல் போகிறீர்கள். பஸ்ஸில் போங்கள்.

*

கேள்வி: தகரக் கூரை போட்ட வாடகை அறை. சோளகம் தொடங்கினால் இரவு பதினொன்று வரை அடுப்புக்குள் இருப்பதுபோல் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் நுளம்பு, பூட்டினால் புழுக்கம்.
– மாணவி, வவுனியா

பதில்: நித்திரை பிடிக்க வேண்டுமென்றால் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ ஒரு பாகை இறங்க வேண்டும். கை, கால் தோல் வழியாக வெப்பம் வெளியேறினால்தான் அது நடக்கும். புழுக்கமான அறை அந்த வழியை அடைக்கிறது.

கூரையிலிருந்து தொடங்குங்கள். தகரம் பகலில் வாங்கிய சூட்டைத் தலைக்கு மேலிருந்து வீசிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் சம்மதித்தால் தகரத்துக்கு மேல் கிடுகு பரப்பிக் கட்டுவது மலிவான வழி. சமையல் புகைக்கூட்டுக்கு அருகில் மட்டும் வேண்டாம், நெருப்புப் பிடிக்கும். அது முடியாதென்றால் உள்ளே ஒரு சாண் இடைவெளி விட்டுப் பழைய சேலையோ சாக்கோ கட்டலாம். பகலில் வெயில் விழும் பக்க யன்னலைப் பூட்டித் திரை போடுங்கள். வெளியே அறையைவிடக் குளிர்ந்த பிறகே, பெரும்பாலும் ஏழு மணிக்குப் பின், எதிரெதிர் யன்னல்களைத் திறவுங்கள். மேசை விசிறி இருந்தால் அந்த முதல் அரை மணித்தியாலம் அதை யன்னலைப் பார்த்தபடி வைத்து உள்ளே நிற்கும் சூட்டை வெளியே தள்ளுங்கள். பிறகு கட்டில் பக்கம் திருப்புங்கள். தரைக்குக் கிட்டத்தான் காற்றுக் குளிர்ச்சி. சீமெந்து நிலத்தில் பாய் விரித்துப் படுப்பது கட்டிலைவிட நல்லது.

குளிப்பதைப் படுப்பதற்கு ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் முன்பு வையுங்கள். ஐஸ் போன்ற தண்ணீர் தேவையில்லை. இளஞ்சூட்டு நீர் தோலுக்கு இரத்தத்தை இழுத்துவந்து, பிறகு உள்வெப்பத்தை இறக்கும். தொட்டியில் பகல் முழுவதும் வெயிலில் நின்ற நீரே போதும்.

நுளம்புக்கு வலைதான். நுளம்புத்திரியைப் பூட்டிய அறையில் கொளுத்தாதீர்கள். ஒரு திரி வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம் என்று 2003 இல் வந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. வலைக்குள் காற்று வராது என்பவர்கள் பெரும்பாலும் அதைத் தாழக் கட்டியிருப்பார்கள். நாலு மூலையையும் உயர்த்திக் கட்டி, உடம்பில் முட்டாத அகலத்தில், ஓரத்தைப் பாய்க்கடியில் செருகுங்கள். முட்டினால் வலைக்கு வெளியே இருந்தே கடிக்கும். விசிறியை வலைக்குக் கிட்ட வையுங்கள்; விசிறிக் காற்றில் நுளம்பு பறக்கவும் கஷ்டப்படும்.

*

கேள்வி: இரவில் படுத்ததும் இரண்டு காலும் உளைகிறது. நோவு இல்லை, ஏதோ ஊர்வதுபோல. எழும்பி நடந்தால் சரி, படுத்தால் திரும்பவும். பார்மசியில் பிரிற்றன் வாங்கிப் போட்டால் நித்திரை வரும் என்று அறைத் தோழி சொன்னாள், போட்டேன். கால் இன்னும் மோசம்.
– மாணவி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, உடனே அந்த மாத்திரையை நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் நான்கு அடையாளமும், அதாவது காலை அசைக்கத் தூண்டுதல், ஓய்வில் வருதல், நடந்தால் விடுதல், இரவில் கூடுதல், ஒன்றாக இருந்தால் அது அமைதியற்ற கால் நிலை. கெண்டைக்கால் குறண்டிப் பிடிப்பது வேறு. பிரிற்றன் என்று கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் ஒவ்வாமைக்கான மருந்து. இந்தக் கால் உளைவை அது கூட்டும். கால் உளைவு இல்லாதவர்களும் அதை நித்திரைக்குப் போடக்கூடாது. மறுநாளும் உடலில் நின்று மந்தமாக்கும், நினைவைக் குழப்பும், சில நாளில் பழகிப்போய் வேலை செய்யாமலும் விடும்.

பெண்பிள்ளைகளுக்கு இந்த உளைவு வர ஒரு முக்கிய காரணம் இரும்புச்சத்துக் குறைவு. வைத்தியரிடம் ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிற்றினும் பார்க்கும்படி கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். ஃபெரிற்றின் ஒரு லீற்றருக்கு 75 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கால் உளைவுக்கு இரும்பு கொடுப்பதுண்டு. ஆய்வுகூட அறிக்கையில் அதைவிட மிகக் குறைந்த எண்ணுக்கும் 'சாதாரணம்' என்றுதான் இருக்கும்; எனவே அறிக்கையைப் பார்த்து நீங்களாக முடிவெடுக்காமல் கால் உளைவைச் சொல்லிக் காட்டுங்கள். இரும்பு மாத்திரையையும் சோதிக்காமல் தொடங்க வேண்டாம்.

சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். பருப்பு, கீரைக் கறிகளில் தேசிக்காய் பிழிந்து சாப்பிடுங்கள், அல்லது பிறகு ஒரு கொய்யாப்பழம்.

*

கேள்வி: விடியப்புறம் விழிப்பு வருகிறது, ஆனால் கை கால் அசையவில்லை. நெஞ்சில் யாரோ ஏறி இருப்பதுபோல. பேய் அமுக்குகிறது என்று விடுதியில் நூல் கட்டச் சொல்கிறார்கள்.
– முதலாம் வருட மாணவர், பம்பைமடு

பதில்: கனவு நித்திரையின்போது, கனவில் ஓடுவதை நிஜமாக ஓடாமலிருக்க மூளை தசைகளைப் பூட்டிவைக்கும். சிலவேளை மனம் முதலில் விழித்து, பூட்டுத் திறக்கச் சற்றுப் பிந்தும். அந்தச் சில செக்கன்கள், கூடினால் ஓரிரு நிமிடங்கள்தான் நீங்கள் சொல்வது. மூச்சு நிற்காது, உயிருக்கு ஆபத்தில்லை. பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2011 இல் வந்த கணக்கின்படி, பொதுமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கும் மாணவர்களில் 28 பேருக்கும் வாழ்நாளில் ஒருதரமாவது இது வந்திருக்கிறது. மாணவர்களுக்குக் கூட இருப்பதன் காரணம் ஒழுங்கில்லாத நித்திரையும் பதற்றமும். மல்லாந்து படுப்பவர்களுக்குக் கூடுதலாக வரும்; பக்கவாட்டில் படுத்துப் பாருங்கள். வரும்போது முழு உடம்பையும் உதறி எழும்ப முயலாமல், ஒரு விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், மூச்சை நிதானமாக விடுங்கள். மனத்துக்கு ஆறுதலென்றால் நூல் கட்டுவதில் குற்றமில்லை. கூடவே பகலில் சிரிக்கும்போது கால் தளர்ந்து விழுவதும், பேசிக்கொண்டிருக்கும்போதே நித்திரை வருவதும் இருந்தால் நரம்பியல் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

*

கேள்வி: ஞாயிறு இரவு பஸ்ஸில் ஊரிலிருந்து வந்து நேரே திங்கள் வகுப்புக்குப் போகிறேன். கிழமை முழுவதும் அலுப்பு.
– மலையக மாணவர், வவுனியா

பதில்: முடிந்தால் ஞாயிறு பகல் பஸ். முடியாவிட்டால் கழுத்துக்குச் சுருட்டிய துவாயும் கண்ணுக்குத் துணியும் வைத்து, ஏறிய உடனேயே நித்திரைக்கு விடுங்கள். திங்கள் மத்தியானம் ஒருதரம் 90 நிமிடம், அதாவது ஒரு முழு நித்திரைச் சுற்று, படுக்கலாம், மூன்று மணிக்குள் எழும்ப வேண்டும். அன்றிரவு வழமையைவிட ஒரு மணித்தியாலம் மட்டும் முந்திப் படுங்கள்.

*

கேள்வி: 2009 இல் எனக்கு ஐந்து வயது. எல்லாம் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கம்பஸ் வந்த பிறகு கிழமைக்கு மூன்று நாள் அதே கனவு. ஓடுகிறோம், தம்பியின் கை நழுவுகிறது. விழித்தால் பிறகு படுக்கப் பயம். அறையில் வேறு மூன்று பேர் இருக்கிறார்கள், சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– மாணவி

பதில்: இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பிள்ளை. இந்த மண்ணில் உங்கள் வயதுக்காரர் பலருக்குள் இது இருக்கிறது. வீட்டை விட்டு வந்த தனிமையும் பரீட்சைப் பயமும் நித்திரைக் குறைவும் சேரும்போது மேலே வருகிறது. கனவுக்குப் பயந்து நேரம் கழித்துப் படுத்தால், கடன்பட்ட கனவு நித்திரை அடுத்த இரவு இன்னும் அழுத்தமாக வரும். ஆகவே படுக்கும் நேரத்தைத் தள்ளாதீர்கள்.

விழித்ததும் கட்டிலிலேயே கிடந்து போராட வேண்டாம். எழும்பி உட்காருங்கள், கால் பாதத்தை நிலத்தில் வையுங்கள். அறையில் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரை மனத்துக்குள் சொல்லுங்கள், ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். இருபது நிமிடத்தில் நித்திரை வராவிட்டால் மற்றவர்களை எழுப்பாமல் விறாந்தையில் மங்கிய வெளிச்சத்தில் ஒரு கதிரையில் இருங்கள். கண் சொருகும்போது மட்டும் திரும்புங்கள்.

திரும்பத் திரும்ப வரும் கனவுக்கு ஒரு பயிற்சி உண்டு. பகலில் கனவை எழுதி, அதன் போக்கையோ முடிவையோ நீங்கள் விரும்பியபடி மாற்றி எழுதி, மாற்றிய கனவைத் தினமும் பத்து முதல் இருபது நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. உங்களுடையது நிஜத்தில் நடந்ததோடு ஒட்டிய கனவு; அதில் தனியாகத் தொடங்காதீர்கள். உளவளத் துணையாளர் ஒருவரோடு, முதலில் ஒரு சிறிய கெட்ட கனவில் பழகிவிட்டு இதற்கு வருவதுதான் ஒழுங்கு. பீடத்தில் மாணவர் ஆலோசகர் இருப்பார். கிளிநொச்சி, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவைக் கேட்டுப் போகலாம். இரவில் தாங்க முடியாமல் போனால், அல்லது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். அறைத் தோழிகளில் ஒருத்தியிடமாவது, 'நான் கத்தினால் மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடு, தொட்டு உலுக்காதே' என்று மட்டும் சொல்லிவையுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.